நேர்ப்படம், பக்கப்படம்

பத்தரைக்குத் திறக்கும் என்றார்கள்.
பத்து இருபதுக்கே
டார்க் ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டோம்
நானும் எமல்டாவும்.
இப்போது அங்கே இருட்டில் கழுவ எதுவுமில்லை.
காலி பிலிம் பெட்டிகள், ஒரு மேசை விசிறி,
ஆஸ்பத்திரியிலேயே நல்ல சிக்னல்.

போனில் சேப்பாக்கம் விரிந்தது.
நடுவில் பச்சையாய் ஒரு முட்டை,
சுற்றிலும் துண்டு துண்டாய் நிறம் பூசிய மாடங்கள்.

ஒரு வாரமாய் ஆளுக்கொரு யோசனை.
கிழக்குப் பக்கம் போகாதே,
நாலு மணி வெயில் நேரே கண்ணுக்குள் இறங்கும் என்றார்
ஈசிஜி தாஜுதீன்.
கிழக்குப் பக்கம்தான் போகணும்,
முதுகில் கடற்காற்று அடிக்கும்,
தொப்பி எதற்கு இருக்கிறது என்றான் லேப் வரதன்.
டிக்கெட்டே வாங்கியிராத கேன்டீன்காரர்
மேல் மாடம் வேண்டாம் என்றார், ஆட்டக்காரன் எல்லாம் கடுகு.
கீழ் மாடமும் வேண்டாம்,
முன்னால் நிற்கிறவன் உட்காரவே மாட்டான்.
பிறகு எங்கேதான் அண்ணே?
"வீட்டுல. சோபாவுல."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
இருபத்திரண்டு வருஷமாய் எலும்பு பார்க்கிறேன்.
நேரே எடுத்த படத்தில் முழுசாய் இருக்கிற கை
பக்கவாட்டில் திருப்பினால் விண்டிருக்கும்.
பந்தும் அப்படித்தான்.
போடுகிறவன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்
அது திரும்புவது தெரியும்.
எங்கே குத்தியது, எவ்வளவு எழும்பியது,
தெரியாது.
பக்கவாட்டில் இருந்தால் குத்தும் எழும்பும் தெரியும்.
திரும்பியதா என்பதை
மட்டைக்காரன் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.
அந்த முகமும் ஹெல்மெட்டுக்குள்.

இதை நான் விளக்கி முடிப்பதற்குள்
உங்களுக்கு முன்னால் நாற்பத்தோராயிரம் பேர் என்றது திரை.

எங்கள் முறை வந்தபோது
மாடங்கள் எல்லாம் சாம்பல் நிறம்.
மிச்சம் இரண்டே இடம்.
ஒன்று நேரே. ஒன்று பக்கவாட்டில்.
"சேந்து உட்காராம என்ன மேட்ச்சு?"
கீழே ஒரு கடிகாரம்
நாலு நிமிஷத்தைத் தின்றுகொண்டிருந்தது.
அழுத்தியது அவள் கட்டைவிரல்.
பணம் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை, பறக்கும் ரயில்,
சட்டைக்குள் சட்டையாய் மஞ்சள் கூட்டம்.
வாசலில் என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினார்கள்,
அவள் பவுடர் டப்பாவையும்.
நான் பக்கவாட்டுக்குப் போனேன்.
அவள் நேருக்கு.

முப்பதாயிரம் பேர் போனை எடுத்தால்
எந்தச் செய்தி எங்கே போய்ச் சேரும்?
"திரும்புச்சா?" என்று அனுப்பினேன்.
இரண்டு ஓவர் கழித்து
"ரொம்ப" என்று வந்தது.
அதற்குள் வேறு ஆள் போட்டுக்கொண்டிருந்தான்.
"எவ்ளோ எழும்புச்சு?" என்று கேட்டாள்.
எந்தப் பந்தை என்று யாருக்குத் தெரியும்?
"முட்டிக்குக் கீழ" என்று போட்டுவைத்தேன்.

முப்பத்தேழாவது ஓவரில்
கால்காப்பில் மோதிய ஒரு பந்து.
அது தாழ்ந்தே வந்தது, நான் பார்த்தேன்,
சத்தியமாய் அவுட்.
நடுவர் விரலைத் தூக்கினார்.
பக்கத்து ஆள் என் தோளில் அடித்துக் கத்தினார்,
யாரென்று தெரியாது,
நானும் திருப்பி அடித்தேன்.
நாற்பதாவது ஓவரில் வந்தது எமல்டாவின் செய்தி:
"அநியாயம். ஸ்டம்பை விட்டு வெளிய போச்சு."

பெல்ஸ் ரோட்டில் எலுமிச்சை சோடா.
மூடியைப் பந்தாக வைத்து,
மூன்று ஸ்ட்ராவை ஸ்டம்பாக வைத்து,
நான் உயரத்தைக் காட்டினேன்,
அவள் திருப்பத்தைக் காட்டினாள்.
இரண்டையும் சேர்த்து ஒரு தரம்
உருட்டிப் பார்த்தோம்.
மூடி ஓரத்து ஸ்ட்ராவை உரசிப் போனது.
உரசியதா என்பதில்
கடைக்காரருக்கும் ஒரு கருத்து இருந்தது.

திங்கள் காலை ஒரு பையன் வந்தான்,
சுண்டுவிரல் கத்தரிக்காயாய் வீங்கி.
கூட்டத்துக்குள் விழுந்த சிக்ஸரைப் பிடிக்கப் போனானாம்.
எந்த மாடம் என்று எமல்டா கேட்டாள்.
சொன்னான்.
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.
"பிடிச்சியா?"
"இல்லக்கா. பின்சீட்டுக்காரர் மடியில விழுந்துருச்சு.
தூங்கிட்டிருந்தாரு."

விரலை நேரே வைக்கச் சொன்னேன்.
பிறகு திருப்பச் சொன்னேன்.